டேங்க்கில் 34 கிலோ, தொட்டியில் ஆயிரம் கிலோ

45 லிட்டர் டேங்க்கை முட்ட நிரப்பினால் வண்டியில் ஏறும் பெட்ரோலின் எடை சுமார் 34 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் 720 முதல் 775 கிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர விதி. டீசல் கொஞ்சம் கனம். 60 லிட்டர் டீசல் ஏறக்குறைய 50 கிலோ. கல்வராயன் மலைக்குப் புறப்படும் கார்கள் கள்ளக்குறிச்சியில் எரிபொருள் போடும்போது, “அரை டேங்க் போதும், ஏத்தத்துல வண்டி லேசா இருக்கும்” என்று சொல்பவர்கள் உண்டு. அரை டேங்க்கில் மிச்சமாவது 17 கிலோ. அதே காரில் ஐந்து பேர் உட்காரும் இடத்தில் ஏழு பேர் உட்கார்ந்திருப்பார்கள். மேலே கேரியரில் சமையல் பாத்திரமும் கேஸ் அடுப்பும் கட்டியிருக்கும். அந்த எடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எரிபொருளின் எடை வண்டியின் ஓட்டத்தை மாற்றும் என்ற எண்ணம் பந்தயத் தடத்திலிருந்து வந்தது. அங்கே அது முழு உண்மை. ஃபார்முலா 1 காரில் 10 கிலோ எரிபொருள் கூடினால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.3 விநாடி கூடும் என்பது பொறியாளர்களின் நடைமுறைக் கணக்கு. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்காக ஓட்டிய 2005இல் பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்பலாம். கார் லேசாகப் புறப்படும். சென்னை கருண் சந்தோக் 2010 மார்ச்சில் பஹ்ரைனில் தன் முதல் பந்தயத்துக்கு வந்தபோது அந்த வசதியைத் தடை செய்துவிட்டார்கள். முழுப் பந்தயத்துக்கும் வேண்டிய 150 கிலோவுக்கு மேற்பட்ட எரிபொருளைத் தொடக்கத்திலேயே சுமக்க வேண்டும். அவருடைய காரோ முந்தின நாள் தகுதிச்சுற்றில்தான் முதன்முதலாகத் தடத்தில் ஓடியிருந்தது. பந்தயத்தின் இரண்டாவது சுற்றிலேயே விபத்துக்குள்ளாகி அவர் வெளியேறினார்.

நரேனுக்கும் எடையோடு தொடர்புள்ள ஒரு பந்தயம் உண்டு. 2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ். சாய்வான 13ஆம் வளைவில் விழும் பளுவை மிஷெலின் டயர்கள் தாங்காது என்று தெரிந்ததும், அந்த டயர் போட்ட 14 கார்களும் பந்தயம் தொடங்குமுன் விலகிக்கொண்டன. மிஞ்சிய ஆறு கார்களில் நரேன் நான்காவதாக வந்தார். உலகின் பெரிய டயர் நிறுவனம் ஒன்று, தன் டயர் இந்தப் பளுவைத் தாங்காது என்று உலகமே பார்க்க ஒப்புக்கொண்டு ஒதுங்கியது. எனக்கு அந்தப் பந்தயத்தின் முடிவைவிட அந்த விலகல்தான் பெரிதாகத் தெரிகிறது.

எத்தனை கிலோ என்பது ஒரு பாதி. அது வண்டியில் எங்கே இருக்கிறது என்பதுதான் மறுபாதி. போர்ஷே 911 காரில் இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது; டேங்க் முன்னால். ஆரம்ப காலக் கார்களில் முன்பக்கம் லேசாகிப் பின்பக்கம் சுழன்றுவிடுகிறது என்று கண்டு, முன் பம்பரின் இரு முனைகளிலும் சுமார் 11 கிலோ இரும்புக் கட்டிகளை அந்த நிறுவனமே வைத்து அனுப்பியது. 1969 மாடலில் முன்பின் சக்கரங்களின் இடைவெளியை 57 மில்லிமீட்டர் நீட்டிய பிறகுதான் ஓரளவு சரியானது. 1966இல் வந்த லம்போர்கினி மியூராவிலும் டேங்க் முன்னால்தான். பெட்ரோல் தீரத்தீர மூக்கு லேசாகி, அதிவேகத்தில் ஸ்டியரிங்கின் பிடி தளரும். ஆயிரம் கிலோ எடையுள்ள காரின் குணத்தைச் சில பத்துக் கிலோ மாற்றிவிடுகிறது. அதற்குக் காரணம் அந்த எடை அச்சிலிருந்து தள்ளி இருப்பது.

நம் ஊர்க் கார்களில் டேங்க் பெரும்பாலும் பின் சீட்டுக்கு அடியில், தரையை ஒட்டி, இரண்டு அச்சுகளுக்கும் நடுவே இருக்கிறது. தாழ்வாக, நடுவில் இருக்கும் எடை வண்டியைக் கெடுக்காது. மலைக்குப் போகிறவர்கள் டேங்க்கைத் தாராளமாக நிரப்பிக்கொள்ளலாம். குறைவாகப் போட்டுக்கொண்டு போவதில்தான் ஆபத்து. டேங்க்கில் எரிபொருள் அடியோடு ஒட்டிக்கிடக்கும்போது செங்குத்தான ஏற்றத்தில், வளைவில், அது ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், பம்ப் காற்றை உறிஞ்சும், இன்ஜின் நின்றுபோகும். இன்ஜின் நின்றால் பிரேக்குக்கு உதவும் பூஸ்டர் இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும். பிறகு பெடல் கல்லாக இறுகும். பின்னால் பள்ளம், வண்டிக்குள் ஏழு பேர்.

இனி உண்மையில் பயப்பட வேண்டிய எடைக்கு வருகிறேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் சுற்றுலாக் கார்கள் மட்டுமா போகின்றன? கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவைப் பருவத்தில் அடிவாரச் சாலைகளில் கரும்பு டிராக்டர்கள் டிரெய்லரின் இரு பக்கமும் பிதுங்கப் பிதுங்கப் போகும். பளு முழுக்க இழுவைக் கொக்கியில் விழுந்து, மேட்டில் ஏறும்போது டிராக்டரின் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்புவதை அந்தப் பக்கத்துக்காரர்கள் பார்த்திருப்பார்கள். போர்ஷேக்காரர்கள் இரும்புக் கட்டி வைத்துத் தீர்த்துக்கொண்ட அதே கோளாறுதான் அது. மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு மூட்டைகள் ஆத்தூர், சேலம் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்கு இறங்குகின்றன. மூட்டைகளின் மேல் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். காதுகுத்து, கெடாவெட்டு, சாவு, சந்தை என்று மலைக் கிராமங்களில் ஒரு கூட்டம் கிளம்பினால், முதலில் கூப்பிடுவது ஒரு பிக்கப் வண்டியையோ குட்டியானையையோதான்.

குட்டியானை என்று நாம் செல்லமாகச் சொல்லும் டாடா ஏஸ் 2005இல் வந்தது. சந்துபொந்துகளில் சரக்கு கொண்டுபோவதற்காக உருவான வண்டி. அது சுமக்கலாம் என்று தயாரித்தவர்கள் சொன்ன பளு 750 கிலோ. அந்த மாதிரி ஒரு சிறு வண்டியில் ஆட்கள் நின்றால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்களை எளிமையாக எடுத்துக்கொள்கிறேன். வெறும் வண்டி 900 கிலோ. அதன் எடை மையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில். இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே 1.3 மீட்டர். தொட்டியின் தளம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர். அதில் பெரியவர்களும் பிள்ளைகளுமாக 20 பேர். ஆளுக்குச் சராசரியாக 50 கிலோ. மொத்தம் ஆயிரம் கிலோ. நிற்கிற ஒருவரின் எடை மையம் பாதத்திலிருந்து ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மேலே, தொப்புளை ஒட்டி இருக்கும். தரையிலிருந்து பார்த்தால் 1.65 மீட்டர்.

இரண்டையும் சேர்த்தால் வண்டியின் எடை மையம் 60 சென்டிமீட்டரிலிருந்து 115 சென்டிமீட்டருக்கு ஏறிவிடுகிறது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

வண்டி எப்போது கவிழும் என்பதற்கு ஒரு சுலபமான அளவுகோல் உண்டு. சக்கர இடைவெளியில் பாதியை எடை மையத்தின் உயரத்தால் வகுத்தால் போதும். வெறும் வண்டிக்கு 65ஐ 60ஆல் வகுத்தால் 1.08. ஆட்கள் நிற்கும் வண்டிக்கு 65ஐ 115ஆல் வகுத்தால் 0.57. அதாவது வண்டியின் எடையில் 57 சதவீதம் அளவுக்குப் பக்கவாட்டு விசை வந்தாலே உள்பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பத் தொடங்கும். காய்ந்த தார்ச்சாலையில் டயர் பிடிக்கும் பிடி சுமார் 0.7 முதல் 0.8 வரை. இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வெறும் வண்டி வளைவில் வேகமாகத் திரும்பினால் முதலில் டயர் வழுக்கும். கிரீச்சென்று சத்தம் வரும், வண்டி கொஞ்சம் நகரும், ஓட்டுநர் உஷாராகி வேகத்தைக் குறைப்பார். ஆட்கள் நிற்கும் வண்டியில் டயர் வழுக்குவதற்கு முன்பே வண்டி கவிழ்ந்துவிடும். சத்தம் வராது. பதினைந்து வருஷம் அதே சாலையில் ஓட்டிய அனுபவசாலிக்கும் கையில் ஒரு தகவலும் வந்து சேராது.

கொண்டை ஊசி வளைவில் இதைப் பொருத்திப் பாருங்கள். இந்தியச் சாலைப் பேராயத்தின் மலைச்சாலை விதி, கொண்டை ஊசி வளைவின் உள்வட்ட ஆரம் குறைந்தது 14 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. வடிவமைப்பு வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். 14 மீட்டர் ஆரத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் பக்கவாட்டு விசை எடையில் 22 சதவீதம். நிற்கும் ஆட்களோடும் தாங்கும். 30 கிலோமீட்டரில் அது 51 சதவீதம் ஆகிவிடுகிறது. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. தள்ளும் விசை இரண்டேகால் மடங்கு கூடுகிறது. 32 கிலோமீட்டரில் நம் கணக்கு வண்டி கவிழும் எல்லையைத் தொடுகிறது. சாலையின் உட்சாய்வு இந்த எல்லையைக் கொஞ்சம் தள்ளிவைக்கும். ஸ்பிரிங் அமுங்குவதும், டயர் நெளிவதும், ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளிப்பக்கம் சாய்வதும் அதை மறுபடி அருகே கொண்டுவந்துவிடும். அரிசி மூட்டை வளைவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாயாது. மனிதர்கள் சாய்வார்கள்.

அதே 20 பேரும் தளத்தில் உட்கார்ந்தால் எடை மையம் 81 சென்டிமீட்டருக்கு இறங்கி, எல்லை 0.8 ஆகும். உட்கார்ந்து போனால் சரி என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆயிரம் கிலோ அப்போதும் 750 கிலோவைவிட அதிகம்தான். பிரேக்குக்கும் டயருக்கும் அது தெரியும். உட்கார்வதற்கும் நிற்பதற்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கிறது என்று காட்டத்தான் சொன்னேன். பின் கதவைத் திறந்துவிட்டு அதன் மேல் காலைத் தொங்கப்போட்டு நாலு பேர் உட்கார்ந்தால் எடை பின் அச்சுக்கும் பின்னால் போகிறது. ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகும், ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி திரும்பத் தயங்கும். ஹேண்ட்பிரேக்கும் பதிவு செய்த மொத்த எடைக்குத்தான் அமைந்தது. அதற்கு மேல் ஏற்றிவிட்டு மேட்டில் நிறுத்தினால் அது பிடிக்கும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை.

2022 ஏப்ரல் 2, யுகாதி நாள். திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் புலியூர் கிராமத்தார் செம்பரை மலைக்கோயிலுக்கு ஒரு சரக்கு வேனில் போனார்கள். வேன் பள்ளத்தில் உருண்டது. 11 பேர் இறந்தார்கள். கல்வராயனும் ஜவ்வாதும் ஒரே கிழக்குத் தொடர்ச்சி மலையின் கிளைகள். இரண்டிலும் வாழ்வது பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். கோயிலுக்குப் போகும் முறையும் ஒன்று, போகும் வண்டியும் ஒன்று. அங்கே நடந்தது இங்கே நடக்காமலிருக்கச் சாலையிலோ வண்டியிலோ ஒரு வித்தியாசமும் இல்லை.

ஏறுவதைவிட இறங்குவது கடினம் என்பது மலை ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பதையும் எண்ணில் சொல்லலாம். இரண்டு பேர் போகும் கார் மொத்தம் 1,300 கிலோ என்று வைத்துக்கொண்டால், 500 மீட்டர் உயரம் இறங்கும்போது அது விடும் ஆற்றல், 22 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கப் போதும். ஏழு பேரும் கேரியர் சாமானும் சேர்ந்து 1,700 கிலோ ஆனால் 28 லிட்டர். இதில் ஒரு பங்கு காற்றிலும் டயர் உருள்வதிலும் போகும். மிச்சத்தை இன்ஜின் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் வாங்க வேண்டும். பிரேக் ஆயிலுக்கு ஒரு கொதிநிலை இருக்கிறது. டாட் 3 ரகம் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உடையது. பழசாகி ஈரம் ஏறிய பிறகு கொதிநிலை 140 டிகிரி வரை இறங்கிவிடுகிறது. கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. “பிரேக் பிடிக்கலை” என்று விபத்துச் செய்திகளில் வரும் வாசகத்துக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இந்தப் பழைய ஆயிலும் கூடுதல் ஆட்களும்தான். வருஷக்கணக்கில் பிரேக் ஆயில் மாற்றாத கார்தான் கோடை விடுமுறையில் கல்வராயனின் பெரியார் அருவியைப் பார்க்க மலையேறுகிறது.

எரிபொருள் மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுகிறவர்களுக்கு ஒரு செய்தி. இன்றைய பெட்ரோல், டீசல் வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜினுக்குப் போகும் எரிபொருளைக் கணினி முழுவதுமாக நிறுத்திவிடும். சக்கரமே இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும். சுற்றுவதில் வண்டியின் வேகம் மட்டுப்படும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஆக, நியூட்ரலில் இறங்குகிறவர் பெட்ரோலையும் செலவழிக்கிறார், பிரேக்கையும் சுட்டுக்கொள்கிறார். ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய லாரிக்காரர்கள் சொன்னது இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது.

திரவ எடைக்குத் தனி ஆபத்து ஒன்று இருக்கிறது, அது நகரும். பாதி நிரம்பிய தண்ணீர் டேங்கர், முழுக்க நிரம்பிய டேங்கரைவிட வளைவில் ஆபத்தானது. தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிந்து, வண்டி திரும்பி முடித்த பிறகும் தள்ளிக்கொண்டே இருக்கும். இதைத் தடுக்க எரிபொருள் லாரிகளின் டேங்க்கை அறை அறையாகப் பிரித்திருப்பார்கள். டிராக்டரில் கட்டி இழுக்கும் உள்ளூர்த் தண்ணீர்த் தொட்டிகள் பலவற்றில் தடுப்பு கிடையாது. மலைச்சாலையில் அவற்றை நிறைத்து ஓட்ட வேண்டும், அல்லது காலியாக ஓட்ட வேண்டும்.

கேனில் பெட்ரோல் கொண்டுபோவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விற்பனைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்காக 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் கொண்டுபோக 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அது கண்ணாடி, பீங்கான், உலோகக் கலன்களைத்தான் சொல்கிறது: கண்ணாடியும் பீங்கானும் ஒரு லிட்டர் வரை, உலோகம் 25 லிட்டர் வரை. தண்ணீர் பாட்டிலும் எண்ணெய் வாங்கின பிளாஸ்டிக் கேனும் அதில் இல்லை. டிக்கியில் வெயிலில் உப்பிக்கிடக்கும் பிளாஸ்டிக் கேனிலிருந்து கசியும் ஆவி காற்றைவிடக் கனமானது; கீழேயே தங்கி, ஒரு பொறிக்குக் காத்திருக்கும்.

விபத்துக்குப் பின் என்ன நடக்கிறது என்பது, வண்டியில் ஏறுகிறவர்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டிய விஷயம். சரக்கு வாகனத்தில் பயணியாகப் போனவருக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தரக் கடமைப்பட்டதில்லை என்று, நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில் தீர்ப்பளித்தது. சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ சரக்கோடு போனால் அது வேறு. காதுகுத்துக்குப் போகிறவர்கள் அந்த வகையில் வரமாட்டார்கள். வண்டியின் சொந்தக்காரர் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். கடன் வாங்கி ஒரு குட்டியானை ஓட்டிப் பிழைப்பவரிடம் 11 குடும்பங்களுக்குக் கொடுக்க என்ன இருக்கும்? அபராதமோ மிகச் சின்னது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதித்ததைவிடக் கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு பயணிக்கும் 200 ரூபாய். கூடுதல் எடைக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் டன்னுக்கு 2,000 ரூபாய். மூட்டையை எடைமேடையில் ஏற்றி நிறுப்பார்கள். ஆட்களை யாரும் நிறுப்பதில்லை. அதனால் பெரும் அபராதம் கிழங்குக்கு, சின்ன அபராதம் மனிதர்களுக்கு என்று ஆகிப்போகிறது.

1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் கிடந்த மலை கல்வராயன். சாலையும் பேருந்தும் இங்கே தாமதமாகத்தான் வந்தன. பிரதான சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களுக்கு இன்றும் பேருந்து நேரம் பார்த்துத்தான் வாழ வேண்டியிருக்கிறது. பிக்கப்பில் ஏறுகிறவர்களை அறியாமைக்காரர்கள் என்று பேசுவதை என்னால் ஏற்க முடியாது. வேறு வண்டி இல்லாததால் ஏறுகிறார்கள். சொந்தக் காரில் அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு வருகிறவருக்கு அந்த நியாயமும் கிடையாது.

கார் வைத்திருப்பவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் டயர் காற்றழுத்தம் எழுதிய ஸ்டிக்கர் இருக்கும். பல கார்களில் அதில் இரண்டு அளவுகள்: குறைந்த ஆட்களுக்கு ஒன்று, முழுப் பளுவுக்கு ஒன்று. மலைக்குப் போகும்போது இரண்டாவது அளவு. டயரின் பக்கவாட்டில் 185/65 ஆர்15 88 என்பது போல எழுதியிருக்கும். கடைசியில் வரும் 88 என்றால் அந்த டயர் தாங்கும் உச்சப் பளு 560 கிலோ என்று பொருள், அதுவும் சரியான காற்று இருந்தால். கையேட்டில் மொத்த எடை, வெறும் எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் எவ்வளவு ஏற்றலாம் என்று தெரியும். ஏழு பேர் காரில் ஏழு பெரியவர்கள் உட்கார்ந்தாலே அந்த எடையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். கேரியருக்கு அதிகம் மிஞ்சாது. மிஞ்சினாலும் கனமான சாமான் கூரையில் ஏறக் கூடாது, சீட்டுக்கு அடியில் போக வேண்டும்.

சரக்கு வண்டிகளுக்கு வழி அரசிடம்தான் இருக்கிறது. கோடை விழாவுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் தேதி முன்கூட்டியே தெரியும். அந்த நாட்களில் கச்சிராயபாளையத்திலும் வெள்ளிமலையிலும் கூடுதல் பேருந்துகள் நிற்க வேண்டும். சந்தை நாட்களில் உள்கிராமங்களுக்கு ஒரு சிற்றுந்தாவது போய்வர வேண்டும். அடிவாரத்தில் பிக்கப்பை மறித்து 20 பேரை இறக்கிவிடும் காவலர், அவர்களை ஏற்றிவிட அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று சொல்லக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். இறக்கிவிட்டவர்கள் அடுத்த வளைவு வரை நடந்துபோய் அதே பிக்கப்பில் மறுபடி ஏறிக்கொண்டால், சோதனை நடந்ததாகக் கணக்கில் மட்டும்தான் இருக்கும்.